மில்லடிச் சந்தியில் கண்டது

காலை ஏழரைக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட அரைமணி நேரத்தில்தான் மில்லடிச் சந்தி சந்தியாக இருக்கும். கல்முனைப் பக்கமிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பெருந்தெருவும், அம்பாறைப் பக்கமிருந்து கடற்கரைக்கு இறங்கும் தெருவும் அங்கேதான் ஒன்றையொன்று வெட்டுகின்றன. வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள், கந்தோர் வேலைக்குப் போகிறவர்கள், மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்கள், விடிய விடிய ஓடிவந்த கொழும்பு பஸ் எல்லாம் அந்த அரைமணிக்குள் முண்டியடிக்கும். எட்டரைக்குப் பிறகு நெல் மில்லின் இரைச்சலும் வெயிலும் மட்டும்தான் மிச்சம்.

சந்தியின் மூலையில் இன்பாஸின் டயர் கடை. கடை என்று சொன்னாலும் நாலு தகரம், ஒரு காற்றடிக்கும் மெஷின், பழைய டயர் அடுக்கு, அவ்வளவுதான். கடைக்கு நேரெதிரே, அம்பாறைத் தெரு பெருந்தெருவில் ஏறும் இடத்தில், 'நில்' என்று சிவப்புப் பலகை ஒன்று நட்டிருந்தார்கள். உள்ளிருந்து வரும் வாகனம் எதுவானாலும் அதில் நின்று பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். கார்க்காரர்கள் நிற்பார்கள். மணல் டிப்பர்கள் நிற்பதில்லை.

அந்தத் திங்கட்கிழமை இன்பாஸ் ஒரு சைக்கிள் டியூபைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி ஓட்டை தேடிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது முனவ்வறா மிஸ் பெருந்தெரு வழியே நீல நிற ஸ்கூட்டியில் வருவது தெரிந்தது. அவள் அந்தப் பகுதியில் வீடு வீடாகப் போய்த் தாய்மாரையும் குழந்தைகளையும் பார்க்கும் குடும்பநல மாது. ஊரில் பத்து வயதுக்கு உட்பட்ட எந்தப் பிள்ளையையும் அவள் ஒரு தடவையாவது தராசில் போட்டிருப்பாள். கணவர் இறந்து ஆறு வருடம். தங்கை ஸுஹைறாவோடு இருந்தாள். வழமைபோல இன்பாஸைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தாள்.

"தம்பி, சின்னவனுக்கு வியாழக்கிழமை ஊசி. நஸ்லினிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, மெதுவாகச் சந்திக்குள் இறங்கினாள்.

டிப்பர் அப்போதுதான் வந்தது. பலகையில் நிற்கவில்லை. பிறேக் சத்தம் கேட்டபோது ஸ்கூட்டி ஏற்கெனவே அதன் முன்சில்லுக்குக் கீழே இருந்தது.

சத்தத்துக்குத்தான் மற்றவர்கள் திரும்பினார்கள். நடந்ததை நடந்த நொடியிலேயே கண்டது இன்பாஸ் ஒருவன்தான். வலது பக்கக் கதவைத் திறந்துகொண்டு குதித்தவனையும் கண்டான். றிம்சான். மூன்று டிப்பருக்குச் சொந்தக்காரரான றஸாக் ஹாஜியாரின் கடைசி மகன். இருபது வயது. பாரவாகனம் ஓட்ட அவனிடம் லைசன் இல்லை என்பது சந்தி முழுக்கத் தெரிந்த சங்கதி.

"காக்கா, நான் காணல்ல... வல்லாஹி, நான் காணல்ல" என்று அவன் பற்கள் அடித்துக்கொள்ளச் சொன்னான்.

அவன் நழுவிப்போன பிறகுதான் கூட்டம் கூடியது. பாதிப்பேர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். இன்பாஸ் எண்ணெய்க் கையோடு ஓடிப்போய், ஓட்டோ வைத்திருக்கும் றிஸ்வான் காக்காவைக் கூப்பிட்டு, இருவருமாக முனவ்வறாவைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினார்கள். இடது கால் பாவாடைக்குள் எங்கே கிடக்கிறது என்று பார்க்க இன்பாஸுக்குத் தைரியம் வரவில்லை. அவளுக்கு நினைவு இருந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரை அவன் கையை அவள் விடவில்லை.

"தம்பி, நான் மெதுவாத்தான் வந்தன். நீங்க கண்டீங்கதானே?"

"ஓம் மிஸ். கண்டன். நான் கண்டன்."

அவர்கள் திரும்பி வருவதற்குள் பொலிஸ் வந்திருந்தது. டிப்பருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவன் றிம்சான் அல்ல. ஹாஜியாரின் சம்பளச் சாரதி முனாஸ். அவனிடம் லைசன் இருந்தது.

அஸர் தொழுகைக்குப் பிறகு றஸாக் ஹாஜியார் கடைக்கு வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி, மெல்லிய குரல். பள்ளிவாசல் நிருவாகத்தில் அவர்தான் தலைவர். இன்பாஸின் கடையில் மாற்றப்படும் டயர்களில் முக்கால்வாசி அவருடைய வாகனங்களுடையவை. டயர் அடுக்கின் மேலேயே உட்கார்ந்தார்.

"நீ இல்லாட்டி அந்தப் புள்ள ரோட்டிலயே மவுத்தாகியிருக்கும் இன்பாஸ். அல்லாஹ் உனக்கு நல்ல கூலி தருவான். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நான் பாக்கன். அதில ஒரு குறையும் வராது."

இன்பாஸ் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தான்.

"பொலிஸ் உன்னையும் கூப்பிடும். முனாஸ்தான் ஓடினான் எண்டு சொல்லு. றிம்சானுக்கு கட்டார் விசா வரப்போகுது. பொலிஸ்ல பேர் விழுந்தா அவன்ட வாழ்க்க போச்சு. இருபது வயசுப் பொடியன்."

"மிஸ் கண்டிருப்பாவே ஹாஜியார்."

"அவ டிப்பரக் கண்டிருப்பா. உள்ள இருந்த ஆள எங்க காணுற?" ஹாஜியார் சற்று நேரம் தெருவைப் பார்த்தார். "மறுகா, முனாஸும் புள்ளகுட்டிக்காரன். அவனும் மறியல் வீட்டுக்குப் போகப்படாதுதானே. அவ போன் கதைச்சிட்டு வந்த மாதிரி... நீ தூரத்தில நிண்டாய். உனக்கு அப்பிடித் தெரிஞ்சிருக்கலாம்தானே?"

அவர் மிரட்டவில்லை. எழுந்து போகும்போது இன்பாஸின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வீட்டில் அவன் மனைவி நஸ்லின் சின்னவனை மடியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் அழுதாள். எட்டு மாதத்தில் பிறந்த அந்தப் பிள்ளையை நாள் தவறாமல் வீடு தேடி வந்து பார்த்தவள் முனவ்வறா. ஆனாலும் அழுது முடித்த பிறகு நஸ்லின் சொன்னது வேறு.

"அவ கவர்மென்ட்ல இரிக்கிறா. அவவ கவர்மென்ட் பாக்கும். ஹாஜியாரப் பகைச்சா நம்மள ஆரு பாக்குற? நாலு புள்ளையும் வச்சிக்கிட்டு நாம எங்க போற?"

"நான் கண்டன் எண்டு அவக்கிட்ட சொல்லிட்டன்கா."

"அவ மயக்கத்தில கேட்டிருப்பா. நெனவு இரிக்காது."

மறுநாள் பொலிஸில் ஒரு சார்ஜன்ட் அரைகுறைத் தமிழில் கேட்டார். இன்பாஸ் சொன்னான். சார்ஜன்ட் அதைச் சிங்களத்தில் எழுதினார். முனாஸ் ஓட்டினான், டிப்பர் பலகையில் நின்று பார்த்துத்தான் ஏறியது, ஸ்கூட்டியில் வந்தவர் போன் கதைத்துக்கொண்டு வந்தார். "ஷுவர்தானே? நல்லாக் கண்டதுதானே?" என்று சார்ஜன்ட் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஓம் சேர்" என்றான். தன்னால் வாசிக்க முடியாத தாளின் அடியில் கையெழுத்து வைத்தான். எல்லாம் முடிய பத்து நிமிடம் சென்றது.

அந்த வாரமே முனவ்வறாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இன்பாஸ் சொன்ன மூன்று பொய்களில் முதல் இரண்டும் பொலிஸ் பைலுக்குள் கிடந்தன. மூன்றாவது வெளியே வந்தது. ஹாஜியார் வீட்டிலிருந்து வந்ததா, பொலிஸிலிருந்து வந்ததா என்று யாருக்கும் தெரியாது. 'போன் கதைச்சிட்டு வந்தாவாம்' என்று முதலில் சொன்னார்கள். ஒரு மாதத்தில் அது 'சிரிச்சிச் சிரிச்சிக் கதைச்சிட்டு வந்தா' என்று ஆனது. பிறகு, புருசன் இல்லாதவள் காலையில் யாரோடு கதைத்தாள் என்று கேட்டார்கள். அதற்கும் பிறகு, பெண்கள் ஸ்கூட்டி ஓடுவதே இதற்குத்தான் என்றார்கள். கடையில் டயர் மாற்ற வருகிறவர்கள் இன்பாஸிடமே விசாரித்தார்கள்.

"நீதானே கண்ட? உண்மையாகவா?"

அவன் 'ம்' என்று சொல்லிவிட்டு டயருக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வான். அந்த 'ம்' ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொன்ன பொய்.

ஒரு நாள் றிஸ்வான் காக்கா கேட்டார். அவருடைய மகள் ஸம்றா கல்முனையில் ஒரு பாமசியில் வேலை செய்துகொண்டு, பின்னேரத்தில் மருந்தாளர் பரீட்சைக்குப் படித்தாள். வகுப்பு முடியும் நேரத்துக்கு பஸ் இல்லாததால் தவணைக்கு ஸ்கூட்டி ஒன்று எடுத்துக் கொடுத்திருந்தார்.

"வீட்டில ஒரே பிரச்சின இன்பாஸ். அவள்ட மூத்தாப்பா, மாமாமாரெல்லாம் ஸ்கூட்டிய வில்லு வில்லு எண்டுறாங்க. நீ கண்ணால கண்ட ஆள். சொல்லு, அவ போன்தான் கதைச்சாவா?"

இன்பாஸ் நட்டு ஒன்றை இறுக்கிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே இறுகியிருந்த நட்டு.

"ஓம் காக்கா."

அந்தக் கிழமை ஸ்கூட்டி விற்கப்பட்டது. வகுப்பு நின்றது. இரண்டு மாதத்தில் பாமசி வேலையும் நின்றது. ஊரில் அதைப்போல இன்னும் ஏழெட்டு ஸ்கூட்டிகள் வீட்டு மூலைகளுக்குப் போயின.

முனவ்வறாவின் மேல் கவனயீனமாக ஓட்டியதாக வழக்குப் போட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் சின்னத் தண்டத்தோடு முடிந்துவிடும் என்று சட்டத்தரணி சொன்னார். அவள் மறுத்துவிட்டாள். "என்ட போன் பேக்குக்குள்ள கிடந்தது சேர். செய்யாதத செய்தன் எண்டு நான் சொல்லமாட்டன். கண்ட ஆள் ஒருவர் இரிக்கிறார். அவர் கோட்டில வந்து சொல்லட்டும்" என்றாள். பொலிஸ் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று சட்டத்தரணி வாசித்துக் காட்டிய பிறகும் அவள் நம்பவில்லை. சிங்களத்தில் பிழையாக எழுதியிருப்பார்கள் என்றாள்.

வழக்கு நாளன்று அவள் செயற்கைக் காலோடு, ஸுஹைறாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். இன்பாஸ் சத்தியம் செய்துவிட்டுக் கூண்டில் நின்றான். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ்ஸில் வரும்போது நினைத்தான். ஆனால் மண்டபத்தின் பின்வரிசையில் ஹாஜியார் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போன் எந்தக் கையில் இருந்தது?" என்று முனவ்வறாவின் சட்டத்தரணி கேட்டார்.

"இடது கையில சேர்."

அதைச் சொல்லும்போது தற்செயலாக அவன் கண் முனவ்வறாவின் மேல் பட்டுவிட்டது. அவள் அழவில்லை, கோபப்படவுமில்லை. கிளினிக்கில் ஒரு பிள்ளையின் நிறை ஏன் ஏறவில்லை என்று யோசிக்கும்போது பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

அவளுக்குத் தண்டம் விதித்தார்கள். லைசனை ஒரு வருடத்துக்கு நிறுத்தினார்கள். அந்தக் காலோடு அவளுக்கு லைசன் எதற்கு என்று ஹாஜியாரின் ஆட்கள் வெளியே நின்று சொல்லிச் சிரித்தார்கள். வீடு வீடாகப் போகும் வேலை அவளிடமிருந்து போய்விட்டது. கிளினிக்கின் ஒரு மூலையில் அட்டை எழுதக் கொடுத்தார்கள். அட்டையை நீட்டும் தாய்மார் சிலர் அவளுடைய போனைப் பார்ப்பார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்ப்பார்கள். நஸ்லின் அந்தக் கிளினிக்குக்கே போவதை விட்டுவிட்டாள். சின்னவனைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் ஏறி வேறு ஊருக்குப் போய் ஊசி போட்டு வந்தாள். ஏன் என்று இன்பாஸ் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

றிம்சானுக்குக் கட்டார் விசா வரவே இல்லை. ஒன்றரை வருடத்தில் அவன் மறுபடியும் டிப்பர் ஓடத் தொடங்கினான். இன்னும் லைசன் எடுத்திருக்கவில்லை. கடையைத் தாண்டும்போது ஒவ்வொரு நாளும் ஹோன் அடித்துக் கை காட்டுவான்.

ஒரு புதன்கிழமை, அதே பள்ளிக்கூட நேரம். மணல் டிப்பர் பலகையில் நிற்காமல் பெருந்தெருவில் ஏறியது. கடக்கக் கால் வைத்த ஒரு சின்னப் பிள்ளையை அதன் உம்மா பையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை மல்லாந்து விழுந்தது. தண்ணீர்ப் போத்தல் உருண்டுபோய்ச் சில்லுக்குள் நசிந்தது. டிப்பர் கொஞ்சத் தூரம் போய் நின்றது. இன்பாஸ் டயர் கழற்றும் லீவரைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினான்.

"டேய், உனக்கு 'நில்' போட் தெரியிதில்லயா? ஒரு புள்ளட உசிர் போயிருக்கும்டா!"

றிம்சான் மேலே ஆசனத்திலிருந்து சிரித்தான். அவன் கெட்டவனாகச் சிரிக்கவில்லை. வீட்டு ஆளைப் பார்த்துச் சிரிப்பதுபோலச் சிரித்தான்.

"ஒண்டும் நடக்கல்லதானே காக்கா. நடந்தாலும் நீங்க இரிக்கக்குள்ள எனக்கென்ன பயம்?"

டிப்பர் போய்விட்டது. இன்பாஸ் தெரு நடுவில் நின்றான். பின்னால் வந்த பஸ் ஹோன் அடித்தது அவன் காதில் விழவில்லை.

அன்று பின்னேரமே பொலிஸுக்குப் போனான். அதே சார்ஜன்ட்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனையை எடுக்காமலே இருந்தார்.

"கேஸ் முடிஞ்சிது. அப்பீல் செய்யிற காலமும் முடிஞ்சிது. இப்ப நீ இத சொன்னா உனக்குத்தான் கேஸ். கோட்டில பொய் சொன்னது. லோயர் வச்சிருக்கிறயா?"

"இல்ல சேர்."

"அப்ப லோயரப் பாத்துட்டு வா."

அங்கிருந்து அவன் நேரே முனவ்வறாவின் வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்த ஸுஹைறா முகத்தைக் கண்டதும் மூடப்போனாள். "விடுகா, வரட்டும்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. முனவ்வறா கட்டிலில் உட்கார்ந்து, செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு, காய்ந்த தழும்பில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டு சேலையை இழுத்து மூடினாள்.

இன்பாஸ் நின்றபடியே சொன்னான். ஹாஜியார் வந்தது, கையெழுத்து வைத்தது, கோட்டில் சொன்னது, சார்ஜன்ட் இன்று சொன்னது. "மாப்புத் தாங்க மிஸ்" என்று சொல்லி முடித்தான்.

அவள் எண்ணெய்ப் போத்தலை மூடி வைத்தாள்.

"நான் உங்கள நம்பித்தான் அந்தக் கேஸ நடத்தினன் தம்பி. கால் போனதுக்கு நான் அழல்ல. நீங்க இடது கை எண்டு சொன்ன அண்டைக்குத்தான் அழுதன்." அவள் குரல் உயரவில்லை. "என்ட வீட்டுக்குள்ள வந்து சொல்லுறீங்க. நான் போன் கதைக்கல்ல எண்டு எனக்குத் தெரியும். தெரியாதது ஊருக்கு. சந்தியில நிண்டு சொல்லுங்க. மாப்பப் பத்தி மறுகா கதைப்பம்."

வீட்டுக்கு வந்து நஸ்லினிடம் சொன்னான். ஹாஜியாரின் டயர்கள் போய்விடும், தன் மேல் வழக்கு வரலாம் என்றான். அவள் அடுப்படியில் நின்று, திரும்பிப் பார்க்காமல், "அண்டைக்கு நான் சொன்னதுதான் நம்மள இங்க கொண்டு வந்து விட்டிருக்கு. போய்ச் சொல்லுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் ஒலிவாங்கியில் இரண்டு வார்த்தை சொல்ல அனுமதி கேட்டான். ஊர்ப் பிரச்சினைகளைப் பள்ளிக்குள் கொண்டுவரக் கூடாது என்று நிருவாகம் சொல்லிவிட்டது. ஜும்ஆ முடிந்து சனம் சந்திக்கு வந்தபோது இன்பாஸ் தன் கடைக்கு முன்னால், சிமெந்துக் கட்டொன்றின் மேல் ஏறி நின்றான்.

"முனவ்வறா மிஸ் போன் கதைக்கல்ல! நான் கோட்டில பொய் சொன்னன்! டிப்பர் ஓடினது றிம்சான்! 'நில்' போட்டில நிக்காம வந்தான்! நான் கண்டன்!"

ஒரு லொறி போனது. அவன் மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். சிலர் நின்றார்கள். சிலர் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டு போனார்கள். ஹாஜியார் காரில் ஏறும்போது, "பாவம், கடன் தொல்லயாக்கும். மூள கலங்கிட்டு" என்று பக்கத்தில் நின்றவரிடம் இரக்கத்தோடு சொன்னார். அடுத்த கிழமைக்குள் ஊர் அதையே நம்பியது. பொய்யை ஒரே தடவையில் நம்பிய ஊர், உண்மைக்குச் சாட்சி கேட்டது.

ஹாஜியாரின் டிப்பர்கள் வேறு கடைக்குப் போயின. மற்றவர்களும் மெல்ல மெல்ல விலகினார்கள். பொலிஸ் ஒரு நாள் அழைத்து விசாரித்தது, பிறகு அழைக்கவில்லை. றிம்சான் இன்னமும் ஓடுகிறான். ஹோன் மட்டும் அடிப்பதில்லை. முனவ்வறா அதே மூலையில் அட்டை எழுதுகிறாள். அவளைப் பற்றிய கதை கொஞ்சமும் மாறவில்லை. ஒரு நாள் இன்பாஸ் கிளினிக் வாசலில் அவளைக் கண்டு தலை குனிந்தான். அவளும் தலையசைத்தாள். அது மன்னிப்பா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை.

சில கிழமைகள் கழித்து, கடையில் வேலை எதுவும் இல்லாத ஒரு முற்பகலில், றிஸ்வான் காக்கா ஓட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்காமல், கைபிடியைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"நீ சொன்னத நான் நம்புறன் இன்பாஸ். ஆனா ஒண்டும் செய்யேலா. ஸம்றாவக் கலியாணம் முடிச்சிக் குடுத்தாச்சு. படிச்ச கொப்பியெல்லாம் பழைய கடதாசிக்குப் போட்டுட்டாள். உன்ன ஏசத்தான் வந்தன். ஏச வாய் வரல்ல. நீ சொன்ன உடனே நான் ஏன் நம்பினன் தெரியுமா? ஊர்ல எல்லாரும் அதத்தான் கேக்க ஆசப்பட்டாங்க. எனக்கும் அத நம்புறது லேசா இரிந்திச்சி."

இன்பாஸ் எழுந்து ஓட்டோவின் பக்கத்தில் வந்து நின்றான்.

"நான் பெரிய ஆளுக்குப் பயந்தன் காக்கா. நம்மட ஆள், நம்மட பொடியன், நம்மட ஊரு எண்டு நெனச்சன். மிஸ்ஸும் நம்மட ஆள்தான் எண்டது அண்டைக்கு எனக்கு விளங்கல்ல. ஒரு ஆளக் காப்பாத்தப் பொய் சொன்னன், உங்கட மகள்ட படிப்பு வரைக்கும் அது போய்ச் சேந்திட்டு. என்ட புள்ளைகளுக்கு நான் இப்ப ஒண்டுதான் சொல்றன். கண்டவன் கண்ட அண்டைக்கே வாயத் திறக்கணும். பயத்தில பிந்தினா, மறுகா அதச் சாட்சி எண்டு ஆரும் எடுக்கமாட்டாங்க. வெறும் புலம்பல் எண்டுதான் கேப்பாங்க."